ஒரு கரண்டி ஆயில்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வழக்காளி என் மச்சான். எதிராளி கொழும்புக்கு வடக்கே கடற்கரையில் உஸ்வெட்டகெய்யாவப் பக்கம் இருக்கும் ஒரு மனிதர். இப்படி ஒரு வழக்கு ஓடுவதே அவருக்குத் தெரியாது. அவருக்காக வாதாடுவது மச்சானின் சொந்தத் தகப்பன், அதாவது என் மாமா. படகின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போட் எஞ்சினை விற்பதற்கு முன்னால் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி வைத்திருந்தவர் ஏமாற்றுக்காரரா இல்லையா என்பதுதான் பிரச்சினை. அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவன் நான் என்பதால் இரண்டு தரப்பும் என்னைத்தான் சாட்சிக்கு இழுக்கிறது. சாப்பாட்டு மேசையில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் முழுக் கதையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எஞ்சின், யமஹா எண்டூரோ 15. டூ ஸ்ட்ரோக், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர், போர், அதாவது சிலிண்டரின் உள்அகலம், 56 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் 50, மொத்தம் 246 சிசி. காக்கைதீவிலோ முகத்துவாரத்திலோ கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த ரகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மாமாவிடம் ஒரு சின்ன ஃபைபர் போட் இருக்கிறது. தொழிலுக்கு இல்லை, தொழிலை விட்டுப் பல வருடமாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்தபின் களனி கங்கை வாய்க்குப் போய்த் தூண்டில் போட்டுவிட்டு, கடல் அமைதியாக இருந்தால் கொஞ்சம் வெளியே போய் வருவதற்குத்தான். அதற்கு ஒரு எஞ்சின் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியதே, அதற்குப் பிறகு புது எஞ்சின் விலையைக் கேட்பதுகூட எங்களைப் போன்றவர்களுக்கு வீண் வேலை. பழசுதான் கதி.

வாங்கப் போன அன்று நான் வேலையில் இருந்தேன். மச்சான் அங்கிருந்து எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு தகரக் கொட்டகை, ஸ்டாண்டில் நிற்கும் எஞ்சின், கயிற்றை இழுக்கும் தடித்த கைப் பெடியன், கம்ப்ரெஷன் கேஜில், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டும் ஊசியில், மேல் சிலிண்டரில் 110, கீழ் சிலிண்டரில் 105. பி.எஸ்.ஐ. கணக்கு. டூ ஸ்ட்ரோக் அவுட்போட்டுகள் நல்ல நிலையில் பெரும்பாலும் 90க்கும் 130க்கும் இடையில் காட்டும், இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்துப் பதினைந்து வீதத்துக்குள் இருந்தால் சரி. இந்தக் கணக்கில் அந்த எஞ்சின் நன்றாகவே தேறியது. மாமா காசைக் கொடுத்தார்.

சில கிழமையில் குணம் தெரிந்தது. முழு வேகத்தில் ஓடும், ஆனால் இரண்டு பேர் ஏறினால் போட் மேலெழும்பாது, மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டே போகும். வேகத்தைக் குறைத்தால் உதறும். ஐட்லில் விட்டால் நின்றுவிடும். சூடான எஞ்சினைத் திரும்ப எழுப்புவது பெரும்பாடு. மச்சான் முதலில் காபுரேட்டரைக் கழுவினான், பிளக்கை மாற்றினான், பெற்றோலை மாற்றினான். நான் போய், ஐட்லில் ஓடும்போது காப்புப் பிடியால் பிளக் தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மேல் சிலிண்டரின் தொப்பியைக் கழற்றினால் உடனே நின்றது. கீழ் சிலிண்டரின் தொப்பியைக் கழற்றினால் சத்தத்தில்கூட மாற்றமில்லை. அதாவது கீழே இருப்பவர் வேலைக்கே வருவதில்லை. நெருப்பு நன்றாக விழுகிறது, பெற்றோல் போகிறது. மிச்சம் இருப்பது கம்ப்ரெஷன்.

ஊசியும் கையும்

கேஜை வைத்துப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் அதை அரைகுறையாகச் செய்கிறவர்கள்தான் அதிகம். இரண்டு பிளக்கையும் கழற்ற வேண்டும். துரொட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மூடி வைத்து இழுத்தால் காற்று உள்ளே வராது, நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். நிறுத்தும் கயிற்றின் கிளிப்பைக் கழற்றி, பிளக் வயர்களை பிளாக்கோடு பிணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெறும் காற்றில் பொறி பறந்து இக்னிஷன் யூனிட் கெடலாம். அதைவிட, பிளக் ஓட்டையால் பெற்றோல் ஆவி வந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் பொறி பறப்பது என்னவென்று யோசித்துப் பாருங்கள். இந்த எஞ்சினின் பிளக் பி7எச்எஸ்-10, கட்டை மரை. கேஜோடு வரும் குழாய்களில் சிலதற்கு கார்ப் பிளக்குக்கான நீள மரை இருக்கும். அதைப் பூட்டினால் மரை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், பிஸ்டன் வந்து இடிக்கும். அளவு பார்த்துப் பூட்ட வேண்டும்.

அப்புறம் கை. செல்ஃப் ஸ்டார்ட் இல்லாத எஞ்சினில் இழுக்கிறவரின் கையும் அளவுகருவியின் ஒரு பகுதிதான். நான் இழுத்தால் ஒரு எண், மச்சான் இழுத்தால் ஏழெட்டு கூட. கேஜுக்குக் கேஜும் வேறுபடும். புறக்கோட்டையில் வாங்கிய மலிவுக் கேஜ் காட்டும் 100ம் நல்ல கேஜ் காட்டும் 100ம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதனால் தனி எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஒரே கேஜ், ஒரே கை, ஊசி ஏறுவது நிற்கும்வரை இழுப்பு. அப்படி எடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் பேசும். "என் எஞ்சின் 80 காட்டுது, நல்லாத்தானே ஓடுது" என்று கரையில் யாராவது சொன்னால் அதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் எஞ்சின்களில் கம்ப்ரெஷனைப் பிறவியிலேயே குறைத்துத்தான் வைத்திருப்பார்கள், மண்ணெண்ணெய் கூடுதல் அழுத்தத்தைத் தாங்காது. ஃபோர் ஸ்ட்ரோக் சிலவற்றில் கயிறு இலேசாக வருவதற்காக இழுக்கும்போது வால்வைச் சற்றுத் திறந்து வைக்கும் ஏற்பாடு உண்டு, அங்கேயும் எண் குறைந்துதான் தெரியும்.

எங்கள் எஞ்சினைச் சூடாக்கி, மச்சானை இழுக்க விட்டேன். மேலே 108. கீழே 70.

பஞ்சிகாவத்தைத் தீர்ப்பு

மறுநாள் மச்சான் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் விசாரிக்கப் போனான், நானும் கூடப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் நல்ல அனுபவசாலி. கையில் இருந்த பிஸ்டனைத் துடைத்துக்கொண்டே கேட்டார், எத்தனை? 108, 70 என்றோம். "போர் இவரய் மல்லி" என்றார் சிங்களத்தில், சிலிண்டர் போர் முடிந்துவிட்டது தம்பி என்று. ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட வேண்டும், இரண்டு சிலிண்டருக்கும், கூடவே கிராங்க் பெயரிங்கையும் பார்த்துவிடலாம். விலையும் சொன்னார். மச்சானின் முகம் செத்துவிட்டது. எஞ்சினுக்குக் கொடுத்த காசில் பாதிக்கு மேல்.

பாஸ் பொய் சொல்லவில்லை. அவரிடம் வருகிற எஞ்சின்களில் முக்கால்வாசி, குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் இம்பெலர் போய், தண்ணீர் ஏறாமல் சூடாகி, பிஸ்டன் உருகிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் வரும். அவற்றுக்கு ரீபோரைத் தவிர வழியில்லை. ஆனால் 70 என்ற எண் அதை மட்டும் சொல்வதில்லை. சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போனாலும் 70 வரும். பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங்கின் காடிக்குள் கரி இறுகி, ரிங் வெளியே விரிய முடியாமல் சிக்கிக்கொண்டாலும் 70 வரும். ரிங் தேய்ந்தாலும், உடைந்தாலும், சுவர் கீறினாலும் 70தான். ஒன்றுக்குச் செலவு சில ஆயிரம், இன்னொன்றுக்கு எஞ்சின் விலையில் பாதி. எந்தக் காரணம் என்று பார்க்காமல் நேரே பெரிய செலவுக்குப் போவது எனக்குப் பிடிக்காத பழக்கம். பழைய சாமான் தொழிலில் அதுதான் வழக்கம் என்பதும் தெரியும். பிரித்துப் பார்க்கும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, மாற்றிய சாமானுக்குத்தான் கொடுக்கிறார்கள். பாஸுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

ஆயில் உள்ளே போனபோது

அடுத்த வேலை பழைய வைத்தியம்தான். கம்ப்ரெஷன் குறைந்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயிலை விட்டுத் திரும்ப அளப்பது. காற்று ரிங் பக்கமாகக் கசிந்தால், ஆயில் அந்த இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும், எண் ஏறும். ஹெட் கேஸ்கட் பக்கமாகக் கசிந்தால் ஆயிலுக்கு அங்கே வேலையில்லை, எண் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

எல்லோரும் "ஒரு கரண்டி ஊத்து" என்பார்கள். கார் எஞ்சினுக்கு அது சரி. இந்தச் சின்ன எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 123 சிசிதான். பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிச்சமிருக்கும் இடம் இருபது சிசி அளவில்தான் வரும். அதற்குள் ஐந்து மில்லி ஆயிலை ஊற்றினால் கால்வாசி இடத்தை ஆயிலே பிடித்துக்கொள்ளும். ரிங் எப்படி இருந்தாலும் எண் ஏறும். அதனால் மருந்து ஊசிக் குழாயில் இரண்டு மில்லி மட்டும் எடுத்தேன். கீழ் சிலிண்டருக்கு விட்டது போலவே மேல் சிலிண்டருக்கும் அதே அளவு விட்டேன். நல்லவன் எவ்வளவு ஏறுகிறான் என்று தெரியாமல் கெட்டவன் ஏறியதை வைத்து என்ன சொல்ல முடியும்? கேஜைப் பூட்டாமல் கயிற்றை மெதுவாக இழுத்து ஆயிலைச் சுவரெல்லாம் பரவவிட்டு, பிறகு அளந்தோம். மேல் சிலிண்டர் 108இலிருந்து 116க்குப் போனது. கேஜைக் கீழே மாற்றினேன். மச்சான் இழுத்தான். ஊசி 50, 80, 95 என்று ஏறி, 105இல் வந்து நின்றது.

எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது: ரிங் பக்கம், கேஸ்கட் இல்லை. சந்தோஷமாக நிமிர்ந்தால் மச்சான் கயிற்றை விட்டுவிட்டு கேஜையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். கையைத் துடைக்காமலே ஃபோனை எடுத்தான். அந்தப் பழைய வீடியோவைத் தேடி, நிறுத்தி, பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தான். கீழ் சிலிண்டர், 105. கேஜ் மரைக்குப் பக்கத்தில், பிளக் ஓட்டையின் உதட்டில், கறுப்பாகத் தடித்த ஆயில் மினுங்கியது. பெற்றோலோடு கலக்கும் டூ ஸ்ட்ரோக் ஆயில் அப்படித் தடிப்பாக நிற்காது, அது இலேசான சாமான், பெற்றோலோடு கரைந்து மெல்லிய படலமாகத்தான் தெரியும். இது யாரோ பாட்டிலிலிருந்து ஊற்றியது. வீடியோ வந்த அன்று நாங்கள் எல்லோரும் பார்த்தது ஊசியை மட்டும்தான்.

"கள்ளன்," என்றான் மச்சான்.

வேறு கேஜ், வேறு கை, வேறு ஆயில், எண் ஒன்றாக வந்தது தற்செயல், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் காதில் ஏறவில்லை. உண்மையைச் சொன்னால் என் வாய்தான் அதைச் சொன்னது, மனம் அவன் பக்கம்தான் நின்றது.

மாமாவின் கட்சி

மாமா வந்தார், கேட்டார், வீடியோவைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இதுல என்ன கள்ளத்தனம்? ஓடாம வைக்கிற எஞ்சினுக்கு ஆயில் ஊத்தாம வச்சாத்தான் மகன் அவன் மடையன்."

இங்கேதான் வழக்கு சிக்கலாகிறது. மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அவுட்போட்டை நீண்ட காலம் ஓடாமல் வைப்பதென்றால் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, இரண்டு இழுப்பு இழுத்து, திரும்பப் பூட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்புக் காற்று சுவரைத் துருவாக்கிவிடும். சிலிண்டர் உறை இரும்பு, இந்தக் கடற்கரையில் இரும்பு எவ்வளவு காலம் தாங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எஞ்சின் செய்கிறவர்களின் கைநூலிலேயே இருக்கிற பராமரிப்பு இது.

அந்த மனிதர் எஞ்சினை ஓடாமல் வைத்ததற்கும் காரணம் இருந்தது. மாமா வாங்கும்போது பேச்சுக் கொடுத்து அறிந்து வைத்திருந்தார். 2021 மே 20ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் மாதத்தில் மூழ்கி, கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியபோது, அந்தப் பக்கத்துக் கடலில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். தடை விலகிய பிறகும் மீன் வாங்க ஆட்கள் பயந்தார்கள். தலையெடுக்கப் பார்த்த நேரத்தில் 2022 வந்தது. பெற்றோல் வரிசை, பங்கீட்டுக்கு கியூஆர் அட்டை, ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய். மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருந்தவர்களுக்காவது மலிவாக ஓடியது என்றால், ஒகஸ்டில் அதுவும் ஒரே இரவில் 87இலிருந்து 340க்கு ஏறிவிட்டது. அவர் எஞ்சினைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டு மகனோடு கட்டட வேலைக்குப் போய்விட்டார். இப்படி நின்றுபோன எஞ்சின்கள்தான் இப்போது பழைய சாமான் சந்தையில் அதிகம். ஓடித் தேய்ந்தவை கொஞ்சம், நின்று கெட்டவை நிறைய. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் "எத்தனை மணித்தியாலம் ஓடியது" என்று மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

மச்சான் விடவில்லை. சரி, பாதுகாப்புக்குத்தான் ஊற்றினார் என்றே வையுங்கள், எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அதற்குப் பிறகு அளந்து காட்டியிருக்கலாமே? ஓடியிருந்தால் ஆயில் எரிந்து போயிருக்கும், 70 வெளியே வந்திருக்கும். நல்ல கேள்வி. அன்று ஓடவிடச் சொல்லி மச்சான் கேட்டிருக்கிறான். தண்ணீர் பீப்பாய் இல்லை, வெறுமனே ஓட்டினால் இம்பெலர் எரிந்துவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மை, தண்ணீர் இல்லாமல் அரை நிமிடம் ஓட்டினாலே ரப்பர் இம்பெலர் கருகத் தொடங்கும். இந்த வழக்கில் எந்தப் பக்கம் தொட்டாலும் இப்படித்தான். நல்ல மீனவர் செய்யக்கூடியது எதுவோ அதுவேதான் கெட்டிக்காரக் கள்ளனும் செய்யக்கூடியது. ஆயிலைப் பார்த்து ஊற்றியவரின் எண்ணத்தைக் கண்டுபிடிக்க எந்தக் கேஜும் இல்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், ஏமாற்றா இல்லையா என்பதை விட்டுவிட்டு, வாங்கும்போது எதைக் கேட்பது என்பதைத்தான் நான் பார்ப்பேன். கம்ப்ரெஷன் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், கடைசியாக எப்போது ஓடியது, உள்ளே என்ன ஊற்றியிருக்கிறது, எப்படிக் கிடத்தி வைத்திருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். பீப்பாய் இல்லையென்றால் பீப்பாயோடு போக வேண்டும். சூடாக்கிய எஞ்சினில் எடுத்த எண்ணை மட்டும் நம்ப வேண்டும். எண் நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன், பிளக் ஓட்டைக்குள் ஒரு குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி விட்டுப் பார்த்தாலே பாதிக் கதை தெரியும்.

கழற்றல்

ரிங் பக்கம் என்று தெரிந்தாலும் ரிங் சிக்கியதா தேய்ந்ததா, சுவர் கீறியதா என்பதை ஆயில் சொல்லாது. முதலில் செலவில்லாத வழி. அசிற்றோனும் கியர்பொக்ஸ் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து சிலிண்டருக்குள் விட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஃபிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, திரும்ப ஊறவைத்தோம். பிளக்கைப் பூட்டுவதற்கு முன் உள்ளே நிற்கும் திரவத்தை வெளியே இழுத்துத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் ஏறும்போது திரவம் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். ஆற்றில் போட்டு ஓட்டியபோது கறுப்புக் கூழாகப் புகை தள்ளியது. திரும்ப அளந்தால் 84. ஏறியது, ஆனால் போதாது. இன்னொரு முறை ஊறவைத்தும் அதற்கு மேல் அசையவில்லை.

எக்ஸோஸ்ட் மூடியைக் கழற்றினேன். பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் அந்த மூடியைத் திறந்தால் எக்ஸோஸ்ட் வாசல் வழியாக பிஸ்டனையும் ரிங்குகளையும் நேரே பார்க்கலாம், ஹெட்டைத் தொடத் தேவையில்லை. சொல்ல இலேசு. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், நடுவில் பல வருட உப்பு. திருகாணி உடைந்தால் அதைத் துளைத்து எடுப்பது ரிங் மாற்றுவதைவிடப் பெரிய வேலை. ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி பிளாக்கைக் காஸ் சுவாலையால் சூடாக்கி, தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அசைத்து, அது "டிக்" என்று விட்ட பிறகுதான் கழற்றும் பக்கம் திருப்பினேன். மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. மாமா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு போல்ட்டும் வெளியே வரும்போது மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னார்.

உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தோம். மேல் சிலிண்டரில் ரிங்குகள் இரண்டும் பளபளவென்று, திருகாணிச் சுழற்றியின் நுனியால் வாசல் வழியாக மெதுவாக அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தன. கீழ் சிலிண்டரில் மேல் ரிங் காடிக்குள்ளேயே கிடந்தது. அழுத்தினாலும் அசையவில்லை. காடி முழுக்கக் கரி, கரியோடு வெள்ளையாக உப்பு, அங்கங்கே துருவின் செம்மண் நிறம். பிஸ்டன் பக்கவாட்டில் இலேசான கோடுகள் இருந்தன, ஆனால் சுவரில் அலுமினியம் உருகி ஒட்டிய தடம் எங்கும் இல்லை. சூடாகிச் செத்த எஞ்சின் இல்லை இது. தண்ணீர் போய் நின்ற எஞ்சின். கொட்டகையில் அதைக் கிடத்தியிருந்தபோது எஞ்சினின் கால், அதாவது புரொப்பெல்லர் இருக்கும் அடிப்பக்கம், தலையைவிட உயரமாக இருந்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் எக்ஸோஸ்ட் குழாய்க்குள் மிஞ்சியிருக்கும் கடல் தண்ணீர் திரும்பி வாசல் வழியாகச் சிலிண்டருக்குள் போகும். அவர் ஊற்றிய ஆயில் சுவரைக் காப்பாற்றியிருக்கிறது, ரிங்கைக் காப்பாற்றவில்லை.

பவர்ஹெட்டைத் தூக்கி, கிராங்க்கேஸைப் பிரித்து, பிஸ்டன்களை வெளியே எடுத்ததைப் பற்றி நீட்ட மாட்டேன், செய்கிறவர்களுக்குத் தெரியும், செய்யாதவர்களுக்குத் தேவையில்லை. பிளாக்கை லேத் வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோய், போர் கேஜ் வைத்து மேலே, நடுவே, கீழே, இரண்டு திசையிலும் அளக்கச் சொன்னேன். ஆகக் கூடிய தேய்மானம் எக்ஸோஸ்ட் வாசலுக்கு மேலே, 56.05. பத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் ரீபோர் பற்றி யோசிப்பது பொதுவான கணக்கு. இது பாதியில் நிற்கிறது. புது ரிங்கும், சுவரைக் கல்லால் இலேசாகத் தேய்க்கும் ஹோனும் போதும்.

புது ரிங்கைப் பிஸ்டனில் போடுவதற்கு முன்னால் வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரண்டு முனைகளுக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். 0.2 மில்லிமீட்டர் போனது. பழையதை விட்டுப் பார்த்தால் 0.7. டூ ஸ்ட்ரோக் பிஸ்டனில் ஒவ்வொரு ரிங் காடியிலும் ஒரு சின்ன ஊசி இருக்கும். ரிங் முனைகள் அந்த ஊசியின் இரு பக்கமும் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் ரிங் சுற்றிப்போய் முனை ஏதாவது வாசலில் சிக்கி உடைந்துவிடும். ஹோன் பிடித்து, வாசல் விளிம்புகளின் கூரை உப்புத்தாளால் இலேசாக எடுத்து, சவர்க்காரமும் வெந்நீரும் போட்டுக் கழுவினேன். பெற்றோலில் கழுவினால் கல்தூள் சுவரில் தங்கும். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை கழுவி, உடனே ஆயில் பூசினேன். ஹெட்டைக் கண்ணாடித் தட்டில் 400 உப்புத்தாள் விரித்துத் தேய்த்து மட்டம் பார்த்து, புதுக் கேஸ்கட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு தவணையில் முறுக்கினேன்.

முதல் பத்து மணித்தியாலத்துக்கு பெற்றோலும் ஆயிலும் 25க்கு 1 கலவை, முழு வேகம் கிடையாது. மச்சானுக்கு இதுதான் ஆகப் பெரிய தண்டனை. ரிங் சுவரோடு பழகும்வரை எண்ணும் முழுதாக வராது. பூட்டிய அன்று 100, 96. இப்போது 112, 109. பிளக் தொப்பியை எதைக் கழற்றினாலும் எஞ்சின் கோபித்துக்கொள்கிறது. இரண்டு பேர் ஏறினால் போட் எழும்புகிறது, மூன்று பேருக்கு மூக்கைத் தூக்குகிறது, அது மாமாவின் எடையால்.

வழக்கு இதோடு முடிந்திருக்கலாம். போன மாதம் மச்சான் அந்த மனிதருக்கு ஃபோன் எடுத்தான். சண்டைக்கு இல்லை, ஸ்டாண்டின் ஒரு கிளாம்ப் திருகு அவரிடமே விடுபட்டிருந்தது. அவர் சுகம் விசாரித்துவிட்டு, மச்சான் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே, "கீழ் சிலிண்டர் இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார். மச்சானுக்கு வாயடைத்துவிட்டது. திருகை எடுக்கப் போனபோது, இதையும் கொண்டுபோங்கள் என்று ஒரு பழைய புரொப்பெல்லரையும் காசு வாங்காமல் கொடுத்துவிட்டார்.

"குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும்," என்றான் மச்சான். தெரிந்துதான் விற்றிருக்கிறார், இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மாமாவோ, தன் கையால் ஆண்ட எஞ்சினின் பலவீனம் சொந்தக்காரனுக்குத் தெரியாமல் போகுமா, கள்ளனாக இருந்தால் அந்தப் பேச்சையே எடுப்பானா என்கிறார். மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. தெரிந்திருந்தால் விற்ற அன்றைக்கே சொல்லியிருக்கலாம், விலையில் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்ற எரிச்சலும் எனக்கு இருக்கிறது. புரொப்பெல்லர் எங்கள் போட்டுக்குச் சரிவராது, அதன் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னே போகும் தூரம், கூட. மாமா அதைப் பித்தளை பொலிஷ் போடுகிறேன் என்று உட்கார்ந்து, அலுமினியம் என்று மச்சான் சொல்லியும் கேட்காமல் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.